ஆல்பத்தில் நிறம் மாறினால் லேப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்தப் புடவை ஆல்பத்தில் வேறு நிறமாக வந்துவிட்டது, முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, எல்லாம் பிரிண்ட் போடும் லேப்பின் வேலை என்று தங்கள் பகுதியில் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். ஆவணியும் தையும் வந்துவிட்டால் மதுரை ஸ்டுடியோக்களில் அன்றாடம் கேட்கிற புகார்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லேப்பின் பக்கமும் தவறு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான ஆல்பங்களில் ஷீட் லேப்புக்குப் போகும் முன்பே, எடிட்டிங் மேஜையிலேயே காரியம் கெட்டுவிடுகிறது. மானிட்டரின் வெளிச்சம் தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு. ஃபைலின் எண்கள் எந்த நிற எல்லைக்குள் எழுதப்பட்டவை, அதாவது ஃபைல் எந்தக் கலர் ஸ்பேஸில் இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டாம்.

வெளிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையிலிருந்து கொண்டுவந்து பிளக்கைச் சொருகிய மானிட்டர் பொதுவாக 250 முதல் 300 நிட் வெளிச்சத்தில் எரியும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பது ஒரு நிட். பிரிண்டுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. வீட்டுக் கூடத்தில் ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் 200 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ பேப்பரின் வெள்ளை அதில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 200-ஐ 0.9-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் கிடைப்பது 57 நிட். எடிட்டர் பார்த்தது 300, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது 57. அந்த 300 நிட் திரையில் மணப்பெண்ணின் முகம் வெளிறித் தெரிவதால் எடிட்டர் கர்வ்ஸ் என்னும் வெளிச்சக் கோட்டை இழுத்துக் குறைக்கிறார். திரையில் அழகாகத்தான் இருக்கும். தாளில் மாநிறம் கறுப்பாகும், கறுப்புக் கோட்டின் மடிப்புகள் ஒரே மையாகும். லேப்காரர் ஃபைலில் இருந்த எண்களை அப்படியே அடித்துக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே பிரிண்டுக்கு வேலை செய்யும் மானிட்டர் 80 முதல் 120 நிட்டுக்குள் இருக்க வேண்டும். 100 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துவரும். முதல் இரண்டு நாள் திரை மங்கிப்போனதுபோல் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

இதை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும், ஸ்டுடியோவில் இருக்கும் கேமராவே போதும். திரை முழுவதும் வெள்ளையை வைத்து, அறையை இருட்டாக்குங்கள். கேமராவை மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ 100, எஃப் 4, ஷட்டர் 1/50 நொடி என்று வைத்து, ஸ்பாட் மீட்டரிங்கில் திரையின் நடுப்பகுதியைப் பாருங்கள். லென்ஸ் ஃபோகஸ் ஆகாமல் இருக்கட்டும், பிக்சல் கட்டங்கள் குறுக்கே வராது. கேமராவின் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கேனான், நிக்கான் மீட்டர்களின் மாறிலி 12.5 என்பதால், பூஜ்யம் என்றால் அங்கே சுமார் 100 நிட். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு மீட்டர் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) அதிகம் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். 300 நிட் திரை அப்படித்தான் காட்டும். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் அளவுக்குத் துல்லியம் இதில் வராது. ஆனால் பிரிண்ட் ஏன் இருண்டு வருகிறது என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

வெளிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும், நிறத்துக்குக் கலரிமீட்டர்தான். ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற கருவிகள் இங்கே கிடைக்கின்றன. ஒரு கல்யாண ஆல்பத்தைத் திரும்ப அடித்துக் கொடுக்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் விலை பெரிதல்ல. கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் இலவசம். வேலையைத் தொடங்கும் முன் மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்து சூடாகியிருக்க வேண்டும். மானிட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, 'கஸ்டம்' அல்லது 'யூசர்' மோடுக்குக் கொண்டுவாருங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, லோ ப்ளூ லைட், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ஆட்டோ பிரைட்னஸ் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். விண்டோஸில் 'நைட் லைட்', எச்டிஆர் இரண்டும் வேண்டாம். மேக்கில் 'ட்ரூ டோன்', 'நைட் ஷிஃப்ட்' வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு செட்டிங்ஸில் கேம் விளையாடுகிற பையன் 'டிஜிட்டல் வைப்ரன்ஸை' ஏற்றிவைத்திருக்கிறானா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லேப்டாப்பில் சார்ஜர் கழன்றதும் மின்சாரம் மிச்சப்படுத்தப் படத்தின் கான்ட்ராஸ்டை மாற்றும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கினால் செய்த காலிபரேஷன் (திரையை அளந்து சரிசெய்யும் வேலை) முழுவதும் வீண்.

இலக்கு எண்கள் மூன்று: வெள்ளைப் புள்ளி டி65 (பகல் வெளிச்சத்தின் வெள்ளை), காமா 2.2 (கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் விதம்), வெளிச்சம் 100 நிட். மென்பொருள் கேட்கும்போது பேனல் வகையைச் சரியாகச் சொல்வது முக்கியம். சாதாரண ஒயிட் எல்இடி மானிட்டரா, விரிந்த நிற எல்லை கொண்ட வைட் காமட் மானிட்டரா என்று தெரியாமல் எதையோ அழுத்தினால், காலிபரேஷன் முடிந்த பிறகு திரை லேசாகப் பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ (மெஜந்தா) சாயும். பழி கருவியின் மேல் விழும். திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் கருவி தன் எடையிலேயே ஒட்டி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே நுழையாது. முதலில் மானிட்டரின் சொந்த பட்டனில் பிரைட்னஸ், அடுத்து சிவப்பு, பச்சை, நீல கெயின். கெயினில் எந்த நிறம் மிஞ்சி நிற்கிறதோ அதைக் குறைப்பதே முறை, குறைந்ததை ஏற்றக் கூடாது. மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கடைசியில் வரும் சோதனையில் சராசரி டெல்டா ஈ, அதாவது நிறப் பிழையின் அளவு, 2-க்குக் கீழே இருந்தால் ஆல்பம் வேலைக்குத் தாராளம். புரொஃபைல் என்னும் நிற விவர ஃபைலைச் சேமிக்கும்போது ஐசிசி வெர்ஷன் 2 என்று தேர்ந்தெடுங்கள். வெர்ஷன் 4-ஐச் சில பழைய மென்பொருள்கள் தவறாகப் படிக்கின்றன. மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால் நல்லது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று. காலிபரேஷன் மானிட்டரை ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறது. புரொஃபைல், அந்த நிலையில் இந்த மானிட்டர் எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைக் காட்டுகிறது என்று போட்டோஷாப்புக்குச் சொல்கிறது. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் அதே மாடலின் ஐசிசி ஃபைலை இறக்கிப் போடுவதில் பயனில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மானிட்டர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. மானிட்டர் புரொஃபைலைப் போட்டோஷாப்பின் வொர்க்கிங் ஸ்பேஸாகவும் (எடிட் செய்யும் கலர் ஸ்பேஸ்) வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் அந்த ஒரு திரைக்கு மட்டும் பொருந்துகிற ஃபைல்தான் பிறக்கும்.

மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல் வாங்குங்கள். பெட்டியிலோ விளம்பரத்திலோ '45 சதவீதம் என்டிஎஸ்சி' (திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவு) என்று இருந்தால் அந்த லேப்டாப்பில் கணக்கு எழுதலாம், கலர் பார்க்க முடியாது. 72 சதவீதம் என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி, அதாவது கம்ப்யூட்டர் திரைகளுக்கான பொதுவான கலர் ஸ்பேஸ்.

அறையும் கணக்கில் உண்டு. நம் ஊரில் கிளிப் பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் அதிகம். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி எடிட்டர் கண்ணை ஏமாற்றும். பச்சை அறையில் உட்கார்ந்தவர் படத்தில் கருஞ்சிவப்பை ஏற்றிவிடுவார். மானிட்டருக்குப் பின்னாலும் எதிரிலும் உள்ள சுவர்களுக்கு மட்டுமாவது வெளிர் சாம்பல் பூசலாம். ஜன்னலுக்குக் கனமான திரை வேண்டும், திரையின் மேல் நேரே விழும் டியூப்லைட் கூடாது. பிரிண்டை ஒப்பிட்டுப் பார்க்க 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல் உள்ள ஒரு எல்இடி விளக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மலிவான 'கூல் டேலைட்' விளக்கின் கீழே நல்ல பிரிண்டின் குங்குமம்கூடச் செத்துப்போய்த் தெரியும்.

இனி கலர் ஸ்பேஸ். என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன்: மதுரையில் கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி தேவையில்லை. லேப்கள் பொதுவாகக் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக். அகலமான ஸ்பேஸ் என்றால் உயர்ந்த தரம் என்று நினைத்து மாற்றிவைத்தவர்கள்தான் மங்கலான ஆல்பத்தைக் கையில் வாங்குகிறார்கள். காரணம் எளிது. எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. புரொஃபைலைப் படிக்கிற மென்பொருள் இரண்டையும் ஒரே சிவப்பாகக் காட்டும். புரொஃபைலைப் பார்க்காத லேப் மென்பொருளுக்கு 219 என்பது மங்கிய சிவப்புதான். கூறைப்புடவை வெளிறியது அங்கேதான்.

ஒரே கல்யாணத்தில் டிரெடிஷனல் ஒருவர், கேண்டிட் ஒருவர் என்று இரண்டு மூன்று கேமராக்கள் வேலை செய்யும். எது எந்த ஸ்பேஸில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி, ஃபைல் பெயரைப் பார்ப்பது. பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கினால் அந்தக் கேமரா அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறது. இந்த செட்டிங் ஜேபெக்கைத்தான் பாதிக்கும். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுத்திருந்தால் கவலையில்லை. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்று கொடுத்தால் போதும்.

போட்டோஷாப்பில் எடிட் மெனுவின் 'கலர் செட்டிங்ஸ்' போய், ஆர்ஜிபி வொர்க்கிங் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்றும், கீழே பாலிசியில் 'பிரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்' என்றும் வையுங்கள். புரொஃபைல் வேறுபட்டால் கேட்கவும், புரொஃபைல் இல்லாவிட்டால் கேட்கவும் இருக்கும் டிக்குகளைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பெட்டி வந்து கேட்பது எரிச்சல்தான். ஆனால் அந்தப் பெட்டியை 'ஆஃப்' செய்ததில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. புரொஃபைலே இல்லாத ஃபைலுக்கு 'அசைன்' செய்ய வேண்டும், எண்கள் அப்படியே இருக்கும், அவற்றின் பொருள் மட்டும் உறுதியாகும். அடோபி ஆர்ஜிபி என்று முத்திரையோடு வந்த ஃபைலை எஸ்ஆர்ஜிபிக்குக் 'கன்வர்ட்' செய்ய வேண்டும், எண்கள் மாறும், நிறம் நிற்கும். இரண்டையும் மாற்றிச் செய்தால் முகம் ஒன்று சிவந்துபோகும், அல்லது சோகை பிடித்துப்போகும்.

டிசைனர்கள் விலைக்கு வாங்கும் 12-க்கு 36 அங்குல பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட்டுகள் தனித் தொல்லை. சிலது அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேயில் இருக்கும், சிலதில் புரொஃபைலே இருக்காது. படங்களை அதில் இழுத்துப் போடும் முன் காலி டெம்ப்ளேட்டை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட வேண்டும். முடிந்த ஷீட் 300 டிபிஐயில் 3600-க்கு 10800 பிக்சல். சேமிக்கும்போது புரொஃபைலை எம்பெட் செய்யும் கட்டத்தில் டிக் இருக்கட்டும்.

அப்படிச் செய்தும் சில நிறங்கள் தாளில் வராது. ராணி பிங்க் பட்டில் உள்ள சாயம் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே நிற்கிறது. திரையிலேயே மூன்று சானலில் ஒன்று 255-இல் முட்டி, ஜரிகைக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள நுணுக்கம் அழிந்துவிடும். விளக்குத்தூண் பக்கம் கிடைக்கும் நல்ல சுங்குடியில் புள்ளிகள் மங்கி அடர்நிறத்தோடு கலந்துபோவதும் இதனால்தான். அந்தப் பகுதியில் மட்டும் மாஸ்க் போட்டு சாச்சுரேஷனைப் பத்துப் பதினைந்து குறைத்தால் மடிப்பும் புள்ளியும் திரும்பிவரும். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய எம்.எஸ். நீலத்துக்கு வேறு சிக்கல். சிஎம்ஒய்கே டிஜிட்டல் பிரஸ்ஸில் ஆல்பம் அடித்தால் அந்த நீலம் ஊதாவாகச் சாயும், ஏனென்றால் நீலத்தை உண்டாக்க அங்கே சயானோடு மெஜந்தா மையும் சேர்கிறது. லேப் தன் ஐசிசி புரொஃபைலைத் தந்தால் வியூ மெனுவின் 'புரூஃப் செட்டப்'பில் அதைப் போட்டு, ரெலடிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனோடு கன்ட்ரோல் ஒய் அழுத்திப் பாருங்கள். தாளில் என்ன வரும் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஒய் அழுத்தினால் எந்தெந்த இடம் தாளுக்குள் அடங்காது என்று சாம்பல் நிறத்தில் காட்டும். அந்த புரொஃபைல் பார்ப்பதற்கு மட்டுமே. லேப் கேட்டாலொழிய ஃபைலை அதற்கு மாற்ற வேண்டாம்.

(உங்கள் நாளிதழுக்குப் படம் அனுப்பும் நண்பர்களும் இதைக் கவனிக்கலாம். நியூஸ் பிரிண்ட் தாளே வெள்ளை அல்ல, மையையும் உறிஞ்சும். திரையில் பார்த்த பச்சை அதில் ஒருநாளும் வராது.)

பச்சை என்றதும் வீடியோவைச் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பதை ஊரே பார்த்து நிற்கிறது. பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பச்சையைக் கெடுக்க மூன்று வழி உண்டு. முதலாவது, வைட் காமட் மானிட்டரில் கலர் மேனேஜ்மென்ட் இல்லாமல் எடிட் செய்வது. பட்டு நியான் பச்சையாகத் தெரியும், எடிட்டர் சாச்சுரேஷனைக் குறைப்பார், பார்ப்பவர் டிவியில் வாடிய இலையாக வரும். பிரீமியர் புரோவில் 'டிஸ்ப்ளே கலர் மேனேஜ்மென்ட்' டிக்கைப் போட்டால் இது தீரும். டாவின்சி ரிசால்வில் மேக் என்றால் டிஸ்ப்ளே புரொஃபைலைப் பயன்படுத்தும் டிக் இருக்கிறது. விண்டோஸில் அது ஐசிசி புரொஃபைலைப் பார்க்காது. அங்கே டிஸ்ப்ளேகாலில் ஒரு 3டி லட் (நிறங்களை மாற்றித் தரும் அட்டவணை) உருவாக்கி, புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் வியூவர் லட் என்ற இடத்தில் போட வேண்டும். மானிட்டரின் எஸ்ஆர்ஜிபி மோடுக்கே போய்விடுவது இன்னும் எளிது, ஏனென்றால் எச்டி வீடியோவுக்கான தரநிலையான ரெக் 709-இன் மூன்று அடிப்படை நிறங்களும் எஸ்ஆர்ஜிபியின் நிறங்களும் ஒன்றேதான்.

இரண்டாவது, லெவல். வீடியோவின் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரின் கறுப்பு 0, வெள்ளை 255. எச்டிஎம்ஐ வழியாக டிவியை மானிட்டராகப் போட்டிருப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டு 'லிமிடெட்' என்றும் டிவி 'ஃபுல்' என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். தலைகீழாக இருந்தால் படத்தின் இருண்ட பகுதிகள் ஒரே கறையாகும்.

மூன்றாவது, கூட்டத்தில் ஐபோனில் எடுத்த எச்டிஆர் கிளிப்பை அப்படியே ரெக் 709 டைம்லைனில் போடுவது. கிளிப்பின் கலர் ஸ்பேஸைச் சரியாகக் காட்டி டோன் மேப்பிங் (எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது) போடாவிட்டால் அழகரின் கிரீடம் வெந்துபோகும். லாக் புட்டேஜுக்கு (மங்கலாகப் பதிவாகி, பிறகு நிறம் கூட்ட வேண்டிய வீடியோ) லட் ஒருமுறைதான். எடிட்டர் ஒன்று, கலரிஸ்ட் ஒன்று என்று இருமுறை போட்ட வீடியோக்கள் ஏராளம். யூடியூபுக்கும் சாதாரண அறையில் பார்ப்பவர்களுக்கும் காமா 2.2-இல் பார்த்து முடிப்பதே என் யோசனை, 2.4 இருட்டறைக்கு. மேக்கில் ரிசால்விலிருந்து வெளியே வந்த ஃபைல் குவிக்டைமில் வெளுத்துத் தெரிந்தால் அவுட்புட்டை 'ரெக் 709-ஏ' என்று வைத்துப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்கள் பக்கமும் ஒன்று. டிசைனை வாட்ஸ்அப்பில் வாங்கி, அமோலெட் போனின் 'விவிட்' மோடில் பார்த்து 'சூப்பர், ஓகே' என்று சொல்லிவிட்டு, ஆல்பம் வந்ததும் கலர் குறைகிறது என்றால் நியாயமில்லை. சாம்சங் போனில் ஸ்க்ரீன் மோடு 'நேச்சுரல்' என்று மாற்றிக்கொண்டு, டிசைனை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக லேப்காரர்களுக்கு. உங்கள் மெஷினில் ஆட்டோ கரெக்‌ஷன் ஓடுகிறது என்றால் எடிட்டர் செய்த வேலை முழுவதும் வீண். வெள்ளை வேட்டி நிறைந்த ஷீட்டைப் பார்த்து அது தானாக இருட்டாக்கும். பேப்பர் ரோல் பேட்ச் மாறும்போதும் கெமிக்கல் மாற்றும்போதும் மெஷின் காலிபரேஷனைத் திரும்ப ஓட்ட வேண்டும். யார் தவறு என்று தகராறு வந்தால் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. எஸ்ஆர்ஜிபியில் 0-இலிருந்து 255 வரை பதினொரு சாம்பல் கட்டங்கள், மூன்று சானலும் ஒரே எண்ணாக, ஒரு ஷீட்டின் ஓரத்தில் வைத்து 'நோ கரெக்‌ஷன்' என்று எழுதி அனுப்புங்கள். ஆல்பத்துக்குப் போடும் அதே லேமினேஷனோடு வாங்குங்கள். மேட் லேமினேஷன் கறுப்பை வெளுக்க வைக்கும். 5000 கெல்வின் விளக்கின் கீழே சாம்பல் சாம்பலாகவே தெரிந்தால் குறை எடிட்டிங் மேஜையில். பச்சையோ கருஞ்சிவப்போ சாய்ந்தால் லேப்பில்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். போட்டோகிராபர் சங்கங்கள் ஒரு கலரிமீட்டரை வாங்கி, உறுப்பினர்கள் மாதம் ஒருநாள் முறைவைத்து எடுத்துப்போகும்படி செய்யலாம். மதுரை லேப்கள் தங்கள் பில்லின் மேலேயே மூன்று விவரங்களை அச்சிடட்டும்: எந்தக் கலர் ஸ்பேஸில் ஃபைல் வேண்டும், ஐசிசி புரொஃபைல் எங்கே கிடைக்கும், ஆட்டோ கரெக்‌ஷன் போடப்பட்டிருக்கிறதா இல்லையா.

இப்படிக்கு,
ஆல்பம், வீடியோ கலர் கரெக்‌ஷன் தொழிலில் உள்ள வாசகர்,
மதுரை